வெள்ளிக் கூஜாவும் கால்விலங்கும்



ஒரு கண்ணாடி ஷோகேஸ். உள்ளே வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். பூவும் கொடியுமாக உடம்பெல்லாம் புடைப்பு வேலைப்பாடு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கிறது. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளின் சாப்பாட்டு மேசையில் இருந்தவை. அவற்றுக்கு நடுவிலேயே, அதே தட்டில், கறுத்துப்போன ஓர் இரும்புச் சாமான் கிடக்கிறது. அடிமைகளைப் பூட்டி வைத்த விலங்கு. கீழே சின்னதாக ஒரு லேபிள்: ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’. வேறு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

1992 ஏப்ரலில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் உள்ள மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் மியூசியத்துக்கு வந்தவர்கள் பார்த்த காட்சி இது. எப்போதும் போல வெள்ளிச் சாமான் பார்க்க வந்தவர்கள்தான். கூஜாவுக்குப் பக்கத்தில் விலங்கைப் பார்த்ததும் எத்தனை பேருக்குக் கால் நகர்ந்திருக்கும்? கூஜா வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இந்தக் கண்காட்சிக்குப் பெயர் ‘மைனிங் தி மியூசியம்’. அமைத்தவர் ஃபிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலங்கை அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கூஜாவும் அந்த மியூசியத்தின் சொத்து, விலங்கும் அதே மியூசியத்தின் சொத்து. 1844-இல் தொடங்கிய சங்கம் அது. கூஜா மாடியில் வெளிச்சத்தில் இருந்தது. விலங்கு ஸ்டோர் ரூம் இருட்டில் இருந்தது. வில்சன் அந்த ஸ்டோர் ரூமைக் குடைந்து, பழைய பதிவேடுகளைப் புரட்டி, எதை எதற்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று யோசித்தார். அவர் செய்த கலை வேலையில் பெரும்பங்கு அதுதான். இடம் மாற்றி வைத்தது.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் ஹாலில் கிடக்கும் வேண்டாத சாமான்களை உள் அறையில் தள்ளிக் கதவைச் சாத்துவோமே, அப்படித்தான் ஒரு நாடும் தன் கதையை வைத்துக்கொள்கிறது. உள் அறைக் கதவைத் திறக்கிற பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் அதற்கு ஒரு அதட்டல் கிடைக்கும். வில்சனுக்கும் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

‘முப்பது வருடம் முன்னால் பால்டிமோரில் நடந்த கண்காட்சியைப் பற்றி நமக்கு என்ன?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லீவு விட்டால் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறோம். டிக்கெட் வாங்குகிறோம், வரிசையில் நிற்கிறோம், ‘தொடாதே, கண்ணாடியில் கை வைக்காதே’ என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு வருகிறோம். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. ஆனாலும் பிள்ளை ஒரு பாடம் படித்துவிட்டுத்தான் வருகிறது. எது முக்கியம், யார் பெரிய மனிதர், யாருடைய சாமானுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கும் என்ற பாடம். பாடப்புத்தகம் நடத்தும் பாடமும் இதேதான். அந்தப் பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

வில்சனுக்கு இந்தக் கேள்வி வந்த வழி சுவாரஸ்யமானது. நியூயார்க்கின் பிராங்ஸில் 1954-இல் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போது ஒரு மியூசியத்தில் காவலாளி வேலை பார்த்தார். பிறகு பெரிய மியூசியங்களின் கல்விப் பிரிவுகளில் வேலை செய்தார். காவலாளியாக நின்றவருக்குத் தெரியும், வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், சுவர் ஓரம் நிற்கிற ஆளைப் பார்க்கமாட்டார்கள். 1991-இல் அவர் ஒரு படைப்பு செய்தார். நியூயார்க்கின் நான்கு மியூசியங்களின் காவலாளி யூனிஃபார்ம் போட்ட நான்கு கறுப்பு பொம்மைகள். நான்குக்கும் தலை கிடையாது.

அந்தச் சமயத்தில் இன்னொரு காரியமும் செய்தார். விட்னி மியூசியத்தில், பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்குகிறவர்களுக்கு அவர் பேசுவதாக ஏற்பாடு. முதலில் எல்லாரையும் சந்தித்துக் கை குலுக்கினார். ‘கொஞ்ச நேரத்தில் கேலரியில் சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டுப் போய்க் காவலாளி உடை போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் நின்றார். வந்தவர்கள் அவரைத் தேடினார்கள். அவர் முன்னாலேயே நடந்து போனார்கள், வந்தார்கள். ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். சற்று முன்னால் கை குலுக்கிய முகம்! நம் அபார்ட்மென்ட் வாசல் செக்யூரிட்டி, நாலு நாள் கழித்து வேறு சட்டையில் கடைத்தெருவில் எதிரே வந்தால் நாம் அடையாளம் கண்டுகொள்வோமா?

பால்டிமோருக்கு வருவோம். லிஃப்டில் மேலே ஏறிக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பரிசுக் கோப்பை. உலக உருண்டை வடிவம், மேலே ‘உண்மை’ என்று எழுதியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று, உண்மையான விளம்பரத்துக்காகக் கொடுத்த பரிசு! இதைவிடப் பொருத்தமான வரவேற்பு கிடைக்குமா? கோப்பையைச் சுற்றி ஒன்றுமே வைக்கப்படாத பிளாஸ்டிக் தாங்கிகள். அவற்றுக்கும் முறையாக லேபிள் உண்டு, ‘செய்தவர் தெரியவில்லை’ என்று.

கோப்பைக்கு ஒரு பக்கம் மூன்று வெள்ளைப் பீடங்கள். மேலே மூன்று மார்பளவுச் சிலைகள். நெப்போலியன், ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே. மூவரில் ஒருவர்கூட மேரிலாண்டுக்காரர் இல்லை. ஆனால் மேரிலாண்ட் மியூசியத்தில் சிலையாக இருந்தார்கள். மறுபக்கம் மூன்று கறுப்புப் பீடங்கள். மேலே ஒன்றும் இல்லை, பெயர் மட்டும். ஹாரியட் டப்மன், பெஞ்சமின் பானக்கர், ஃபிரெடரிக் டக்ளஸ். மூவரும் அந்த மண்ணில் பிறந்த கறுப்பின மக்கள். மூவருக்கும் அந்த மியூசியத்தில் சிலை கிடையாது. பீடம் காலி.

இந்த மூவரையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம். அப்போதுதான் காலிப் பீடத்தின் கனம் தெரியும்.

ஹாரியட் டப்மன், அடிமையாகப் பிறந்து 1849-இல் தப்பி ஓடியவர். ஓடியவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். திரும்பத் திரும்ப, ஏறக்குறைய பதின்மூன்று தடவை, அதே மேரிலாண்டுக்கு ரகசியமாக வந்து எழுபது பேர் அளவில் கூட்டிக்கொண்டு போனார். கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது.

பானக்கர் அடிமையாகப் பிறக்கவில்லை. சுதந்திரக் குடும்பம், புகையிலை விவசாயம். கடிகாரம் ஒன்றைப் பார்த்து, பற்சக்கரம் பற்சக்கரமாக மரத்தில் செதுக்கி, மணி அடிக்கும் கடிகாரம் செய்தவர். அறுபதை நெருங்கும் வயதில் பக்கத்து ஆலைக்காரர் இரவல் கொடுத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாக வானியல் படித்தார். கிரகணக் கணக்குப் போட்டு ஆண்டுப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1791-இல் அதன் கையெழுத்துப் பிரதியோடு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய நீங்களே எப்படி அடிமைகளை வைத்திருக்கிறீர்கள் என்று, மரியாதை குறையாமல், நேராகக் கேட்ட கடிதம். ஜெஃபர்சன் பதில் போட்டார், பணிவான பதில்தான். ஆனால் தன் அடிமைகளில் பெரும்பாலோரை விடுவிக்கவில்லை. 1806-இல் பானக்கரை அடக்கம் செய்துகொண்டிருந்த நாளிலேயே அவர் வீடு தீப்பற்றி எரிந்துபோனது. கணக்குப் போட்ட நோட்டு முன்னதாகவே பக்கத்து வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியது. அந்த வானியல் நோட்டு, வில்சனின் கண்காட்சியில் இடம்பெற்றது.

டக்ளஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அது ஒரு வீட்டுக்குள் நடந்த கதை.

எட்டு வயது அடிமைப் பையனாக அவரைப் பால்டிமோரில் ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வீட்டு அம்மா சோஃபியா ஆல்ட். அதற்கு முன்னால் அடிமை வைத்துப் பழக்கமில்லாதவர். தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பையனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று அவருக்குச் சாதாரணமாகத் தோன்றியது. எழுத்து முடிந்து மூன்று நான்கு எழுத்துச் சொற்கள் வரை வந்தாயிற்று. கணவர் ஹியூவுக்கு விஷயம் தெரிந்தது. பையன் எதிரிலேயே மனைவியைத் திட்டினார். இவனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தால் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்பது அவர் வாதம். பாடம் அன்றோடு நின்றது.

ஆனால் பையன் அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டிருந்தானே! எஜமான் எதற்குப் பயப்படுகிறான் என்று அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது. தன் வாழ்க்கையின் முதல் பெரிய பாடமே அந்தத் திட்டுதான் என்று பின்னாளில் டக்ளஸ் எழுதினார்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் எந்தப் பள்ளியும் சொல்லித் தராதது. வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்கள் பசியோடு திரிந்தார்கள். கடைக்கு அனுப்பினால் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். ரொட்டி கொடுத்தால் அவர்கள் ஒரு பாடம் சொல்லித் தரவேண்டும். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகளில் எந்தப் பலகை எந்தப் பக்கம் என்று ஓரிரு எழுத்துப் போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்து எழுதப் பழகினான். தெருப் பையன்களிடம் ‘உன்னளவுக்கு எனக்கும் எழுத வரும்’ என்று வம்புக்கு இழுத்து, அவர்கள் எழுதிக் காட்டுவதைப் பார்த்துப் புது எழுத்துப் பிடித்தான். வேலியும் செங்கல் சுவரும் தரையுமே சிலேட்டு. எஜமானரின் மகன் பள்ளியில் எழுதி முடித்த காப்பி நோட்டுகளில், வரிகளுக்கு நடுவே மிச்சமிருந்த இடத்தில், அவன் எழுதினதைப் பார்த்துத் தானும் எழுதினான். வீட்டு அம்மா திங்கட்கிழமை பிற்பகல்களில் வெளியே போகிற நேரமெல்லாம் அவனுக்கு வகுப்பு நேரம்.

பூட்ஸ் துடைத்துச் சேர்த்த 50 சென்டில் முதல் புத்தகம் வாங்கினான். பேச்சுப் பயிற்சிக்கான பள்ளிப் புத்தகம் அது. பிறகு இளைஞனானதும், தன்னைப் போன்ற அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாக வகுப்பு நடத்தினார். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பிடிபட்டால் சவுக்கடி என்று தெரிந்தே வந்தார்கள். 1838-இல் பால்டிமோரிலிருந்து தப்பினார். 1845-இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். ரொட்டிக்குப் பாடம் சொன்ன பையன்களின் பெயரை மட்டும் எழுதவில்லை. அடிமைக்குப் படிப்புச் சொல்லித் தந்தவர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று விட்டுவிட்டார்.

இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறவர் சோஃபியாதான். நல்ல மனுஷி. எழுத்துச் சொல்லிக் கொடுத்த அதே கை, பின்னாளில் அவன் கையில் செய்தித்தாளைப் பார்த்தால் ஓடி வந்து பிடுங்கியது. அடிமை முறை தன்னைக் கெடுத்தது போலவே அவரையும் கெடுத்தது என்று டக்ளஸே சொல்கிறார். ஊர் வழக்கம் என்று ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் நல்லவர்கள் எத்தனை சீக்கிரம் மாறிவிடுகிறார்கள்!

தெற்கு மாகாணங்கள் பலவற்றில் இதற்குச் சட்டமே இருந்தது. 1740-லேயே தென் கரோலினாவில் அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம். 1831-இல் நாட் டர்னர் என்ற அடிமை, எழுத்தறிந்தவர், வர்ஜினியாவில் கலகம் நடத்தியதும் கெடுபிடி இன்னும் இறுகியது. படிப்பால் ஒரு பயனும் இல்லை என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிப் பயனில்லாத ஒன்றைத் தடுக்க இத்தனை சட்டம் எதற்கு?

கண்காட்சியின் அடுத்த அறைகளில் பழைய எண்ணெய் ஓவியங்கள். 1710-ஐ ஒட்டி வரைந்த ஒரு படத்தில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, பட்டும் சரிகையுமாக நடுவில் நிற்கிறான். ஓரத்தில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், அவன் வயதையொத்த ஒரு கறுப்பினப் பையன். கழுத்தில் உலோகப் பட்டை. கையில் வேட்டையாடிய பறவை. முந்நூறு வருடமாக எல்லாரும் நடுவில் நிற்கிறவனைத்தான் பார்த்திருக்கிறார்கள். வில்சன் என்ன செய்தார்? பார்வையாளர் பக்கத்தில் போனால் விளக்கு அந்த ஓரத்துப் பையன் மேல் விழும்படி வைத்தார். ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கேட்கும். நான் உன் சகோதரனா, சிநேகிதனா, இல்லை வளர்க்கிற பிராணியா என்று.

இன்னொரு படம், வீட்டுக்கு வெளியே குடும்பம் உட்கார்ந்திருக்க ஒரு கறுப்பினப் பையன் பழம் கொண்டுவந்து கொடுப்பது. மியூசியம் வைத்திருந்த தலைப்பு, ‘கிராமத்து வாழ்க்கை’. வில்சன் புதுத் தலைப்பு வைத்தார்: ‘ஃபிரெடரிக் பழம் பரிமாறுகிறான்’. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் நீங்கள் முதலில் யாரைப் பார்ப்பீர்கள் என்பது மாறிவிட்டது. பணச் செலவில்லாத வேலை இது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் கணக்கில் இந்தக் கண்காட்சியிலேயே சிறந்த யோசனை இதுதான். விலங்கைவிட.

மர வேலைப்பாடு என்று ஒரு பகுதி. அழகான பழங்கால நாற்காலிகள், கடைந்த கால்கள், மெத்தை வைத்த இருக்கைகள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, கச்சேரி கேட்க உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. எதிரே மேடையில் நிற்பது பால்டிமோர் சிறையில் ஆட்களைக் கட்டி வைத்து அடித்த சவுக்கடி மரம். அதுவும் மரத்தில் செய்ததுதானே!

வாகனங்கள் என்ற பகுதியில் ஒரு பழைய குழந்தை வண்டி. மெத்தைக்கும் துணிக்கும் பதிலாக உள்ளே கிடப்பது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் முகமூடித் தொப்பி. பக்கத்தில், கறுப்பின ஆயாக்கள் வெள்ளைக்காரக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் பழைய போட்டோ. அந்த இடத்தில் அம்மாக்கள் அதிக நேரம் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆயா கையால் பால் குடித்து, அவள் மடியில் தூங்கி வளர்ந்த குழந்தை, பெரியவனானதும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறதே, நடுவில் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்திலா, சாப்பாட்டு மேசையிலா?

அதட்டல் கிடைத்தது என்றேனே. வந்தவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதி வாங்கினார்கள். பாராட்டினவர்கள் நிறைய. கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். ‘பழைய புண்ணைக் கிளறுவானேன்’, ‘பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு’ என்கிற வகைக் கோபம். இந்தக் கோபத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஐந்து வயதுக் குழந்தையைச் சவுக்கடி மரத்துக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அதே ஊரில் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த மியூசியத்துக்கு அதற்கு முந்தைய வருடம் போயிருந்தால்? கூஜாக்களையும் கனவான்களையும் பார்த்துவிட்டு, ‘அப்போது நாம் எங்கே இருந்தோம்?’ என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை இல்லாமலேயே செய்துவிட முடியுமா?

ஒரு குறையும் சொல்லவேண்டும். இந்த மாதிரி ‘இதற்குப் பக்கத்தில் அது’ என்று வைத்து அதிர்ச்சி கொடுப்பது முதல் தடவை கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அடுத்தடுத்து மற்றவர்கள் செய்யும்போது வித்தையாகிவிடும். வில்சனுக்குப் பிறகு உலகம் பூராவும் மியூசியங்கள் கலைஞர்களைக் கூப்பிட்டு ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தன. சிலவற்றில் கண்காட்சி முடிந்ததும் சாமான்கள் பழைய அலமாரிக்கே போய்ச் சேர்ந்தன. கலைஞர் வந்து காட்டிவிட்டார், நம் கடமை முடிந்தது என்ற நினைப்பு. அப்படி முடிகிற கடமையா இது?

பால்டிமோரை விட்டுக் கிளம்புமுன் அந்த ஊர் அம்மா ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. பெயர் நார்மா மார்ஷல், பள்ளி ஆசிரியை. அவர் மகன் தர்குட் மார்ஷல் இன்று டக்ளஸ் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியில் படித்தவர். வகுப்பில் வாலாட்டினால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பகுதிகளை மனப்பாடம் செய்யவேண்டும் என்று தண்டனை கொடுப்பார்களாம். அடிக்கடி வாலாட்டியதில் சட்டம் பூராவும் மனப்பாடம் ஆகிவிட்டது என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வக்கீல் படிப்புக்கு, வீட்டுப் பக்கத்திலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. கறுப்பின மாணவர்களைச் சேர்க்கமாட்டார்கள். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேரவேண்டும், ஃபீஸுக்குப் பணமில்லை. நார்மா தன் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். பிள்ளை படிப்புக்காக நகை அடகுக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

படித்து முடித்து வந்த மகன் முதல் வேலையாக, தன் ஆசிரியர் சார்ல்ஸ் ஹூஸ்டனுடன் சேர்ந்து, அதே மேரிலாண்ட் சட்டக் கல்லூரி மேல் வழக்குத் தொடுத்து, 1935-இல் ஒரு கறுப்பின மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆசிரியர் சம்பளத்துக்கு வந்தார். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஆனால் மேரிலாண்டின் பல பகுதிகளில் கறுப்பின ஆசிரியர் வாங்கியது வெள்ளையர் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. அம்மா கொண்டுவரும் சம்பளக் கவர் எத்தனை மெலிசு என்று பார்த்து வளர்ந்தவருக்கு இதை யாரும் புள்ளிவிவரமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்காக 1939-இல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கில் வாதாடினார். 1967-இல் அதே உச்ச நீதிமன்றத்தில் முதல் கறுப்பின நீதிபதியாக உட்கார்ந்தார்.

இந்தக் கதை அங்கிருந்து நம் நாட்டுக்கும் ஒரு தடவை வந்து போயிருக்கிறது. புனேயில் மனைவி சாவித்ரிபாயோடு சேர்ந்து 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1873-இல் ‘குலாம்கிரி’ எழுதியபோது, நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். படிப்பைப் பூட்டி வைப்பது எப்படி நடக்கும் என்று அவருக்குக் கடல் கடந்து யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது அந்தக் காலிப் பீடங்கள் என்ன ஆயின? 2020 பிப்ரவரியில், மேரிலாண்ட் சட்டமன்றக் கட்டடத்தில், 1864-இல் அடிமை முறையை அந்த மாகாணம் ஒழித்த அதே பழைய சபை அறையில், டப்மனுக்கும் டக்ளஸுக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால், கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையே கிடையாது என்று 1857-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி டானியின் சிலை, அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒன்று போய் இரண்டு வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2023-இல் ஃபுளோரிடா மாகாணத்தின் பள்ளிப் பாடத்திட்டத்தில், அடிமைகள் கற்ற தொழில்கள் சில நேரம் அவர்களுக்கே பயன்பட்டன என்று சொல்லித் தரும்படி ஒரு வரி வந்தது, பெரிய சண்டை ஆனது. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று, ஸ்மித்ஸோனியன் மியூசியங்கள் நாட்டின் வரலாற்றை எப்படிக் காட்டலாம், காட்டக்கூடாது என்பதில் கை வைத்தது. ஸ்டோர் ரூம் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்கா எப்படியோ போகட்டும், நம் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை பிள்ளைகளோடு மியூசியத்துக்குப் போனால், ஒரே ஒரு அறையில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். இந்தச் சாமானை யார் செய்திருப்பார்கள், யார் தூக்கி வந்திருப்பார்கள், யார் துடைத்து வைத்திருப்பார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நம்மைவிட நன்றாக இருக்கும்.

இரண்டாவது, உங்கள் பரணில் பழைய கல்யாண ஆல்பம் இருக்குமே, அதை இறக்குங்கள். நடுவில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களை விடுங்கள். ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் விழுந்திருக்கும் ஒருவர் இருப்பார். தண்ணீர்க் குடம் தூக்கினவர், பந்தி பரிமாறினவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவர். அவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெயரைத் தலைப்பாகப் போட்டு அந்தப் போட்டோவை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரிஜினல் வேண்டாம், தபாலில் தொலைந்துவிடும். மொபைலில் எடுத்த காப்பி போதும். அவரைப் பற்றித் தெரிந்தது பத்து வரி, ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்ற விவரம் எழுதினால் நல்லது. படத்தில் இருப்பவரோ அவர் குடும்பமோ பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். வருகிறவற்றில் முடிந்தவரை அடுத்த இதழ்களில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்